மஞ்சள் கருவுக்குப் போகும் செண்டுமல்லி

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குள் விடிகாலையில் நுழைந்தால் கால் வைக்க இடம் இருக்காது. சாக்குச் சாக்காகச் செண்டுமல்லி. கமிஷன் கடைக்காரர் ஒரு சாக்கின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பூவை அள்ளிப் பார்ப்பார். மேலே உலர்ந்த பூவைப் பரப்பி, அடியில் நனைந்ததைப் போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்கிற சந்தேகம் அவருக்கு. ஈரப்பூ எடை காட்டும், மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும். கை ஈரமில்லாமல் வெளியே வந்த பிறகுதான் விலைப் பேச்சு. அன்றைக்குக் கிலோ 100 ரூபாயைத் தொடும், சில வருடம் தாண்டவும் செய்யும். பூஜை முடிந்த மறுவாரம் அதே தோட்டத்துப் பூவைக் கிலோ 10 ரூபாய்க்குக் கேட்க ஆள் இருக்காது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். பறித்துக் கொண்டுவந்து ஏமாந்தவர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படிக் கொட்டிக் கிடக்கும் பூவை டிவி செய்தியில் பலமுறை பார்த்திருப்போம். இந்தப் பூவுக்கு இன்னொரு சந்தை இருப்பது அந்தச் செய்திகளில் வருவதில்லை. அந்தச் சந்தைக்கு மாலை கட்டுகிறவர்கள் வரமாட்டார்கள், பண்டிகையும் கிடையாது. சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடிப் பக்கமோ, அதைத் தாண்டிக் கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பக்கமோ மழைக்காலத்தில் போனவர்கள் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுத்திருப்பார்கள். யாருக்கு இவ்வளவு பூ என்று கேட்டால், "பெயிண்ட் கம்பெனிக்குங்க" என்று பதில் வரும். நிறத்துக்குத்தான் போகிறது என்பது வரை அந்தப் பதில் சரி. பெயிண்ட்தான் தப்பு. அந்தப் பூவில் பெரும்பகுதி கோழித் தீவனத்தில் போய்ச் சேருகிறது. உலகில் எங்கோ ஒரு மேஜையில் உடைபடும் முட்டையின் மஞ்சள் கருவில் அதன் நிறம் இருக்கிறது.

ஒரே செடிக்கு எப்படி இப்படி இரண்டு வாழ்க்கை வந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். செண்டுமல்லி, செண்டுப்பூ என்று ஒரு பக்கம் சொல்கிறோம். தெற்கே கேந்தி. பழைய அகராதிகளில் துலுக்கச் சாமந்தி. மல்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாமந்தி மட்டும் நிஜமாகவே பங்காளி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். கன்னடத்தில் செண்டு என்றால் பந்து, தெலுங்கில் இது பந்திப்பூ, இந்தியில் கேந்தா. அங்கே பந்துக்குப் பெயர் கேந்த். ஆக, ஊரூருக்கு மக்கள் பூவின் உருண்டையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கேந்தியும் அந்த வழியாக வந்ததுதான் என்று காதுக்கே தெரிகிறது.

'துலுக்க' என்பது வெளியிலிருந்து வந்த பண்டங்களுக்கு அந்தக் காலத்தில் ஒட்டிய அடைமொழி. இந்தப் பூ வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது, ஆனால் திசைதான் பிசகிவிட்டது. ஆங்கிலத்தில் இதை ஆப்பிரிக்க மேரிகோல்டு என்கிறார்கள். அந்தத் திசையும் பிசகுதான். சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் இதன் பெயர் 'செம்போவல்ஷோச்சிட்ல்'. நேர்ப் பொருள் இருபது பூ. நிறைய இதழ் உள்ளது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோவில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் நாட்களில், கல்லறையிலிருந்து வீடு வரை இந்தப் பூவை உதிர்த்துப் பாதை போடுவார்கள். செத்தவர்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள் என்பது நம்பிக்கை. நம் ஊர் இறுதி ஊர்வலத்தில் வழி நெடுகச் சிதறிக் கிடப்பதும் பெரும்பாலும் இதே பூதான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. மலிவாக, நிறைய, பளிச்சென்று கிடைக்கும் பூ எங்கேயும் அந்த வேலைக்கு வந்து நிற்கும் போலிருக்கிறது.

ஸ்பானியர்களும் போர்த்துகீசியர்களும் கடல் கடந்து வந்த 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இது இந்தியாவுக்குள் வந்தது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் இதைத் தேடினால் கிடைக்காது. இன்றைக்கு வடக்கே கல்யாணப் பந்தல், தசரா, சரசுவதி பூஜை எதுவும் இது இல்லாமல் நடப்பதில்லை. நம் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருக்கிறோம். லாரிக்கும் லேத் பட்டறைக்கும் போடுவோம், மேடையில் அரசியல்வாதிக்குப் போடுவோம், தலையில் வைக்க மாட்டோம். மிளகாயையும் மரவள்ளியையும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வாங்கி அடுப்படிக்குள் விட்டவர்கள், பூ என்று வந்தால் மட்டும் நானூறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு செண்டுமல்லியைக் கையில் எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். இதழ் என்று நினைத்து நாம் உருவும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக, ஊசி போல மெல்லிய சூல் ஒட்டிக்கொண்டு வரும். முற்றினால் அதுதான் கறுப்புக் குச்சி விதை. நடுவில் இருக்கவேண்டிய குழல் பூக்களும் நாக்குப் பூக்களாக மாறிப்போனால் பந்து போல அடுக்குப் பூ கிடைக்கும். வியாபாரத்துக்கு வேண்டியது அதுதான். ஆனால் மகரந்தம் உண்டாவது அந்தக் குழல் பூக்களில். பூ எவ்வளவு உருண்டு திரண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் மகரந்தம் குறைவு. வீரிய ஒட்டு விதை விலை கூடியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மகரந்தம் இல்லாத தாய்ச் செடியையும் மகரந்தம் கொடுக்கும் தகப்பன் செடியையும் தனித்தனியாகப் பேணி, கலந்து, விதை எடுக்கவேண்டும்.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன போகத்து ஒட்டுப் பூவிலிருந்து விதை எடுத்து விதைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே வயலில் ஒன்று உருண்டையாக, ஒன்று எலுமிச்சை மஞ்சளாக, ஒன்று நடுவில் கண் திறந்த ஒற்றைப் பூவாகப் பூத்து நிற்கும். மார்க்கெட்டில் அதற்குப் பெயர் கலப்பு, பாதி விலைதான். வங்காளத்து விவசாயிகள் இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல செடியின் கிளை நுனியை வெட்டி மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைத்து, அதையே நாற்றாக நடுகிறார்கள். விதையே வேண்டாம், தாய்ச்செடி அச்சு அசலாக வந்துவிடும். நம் பக்கம் இந்த முறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குழித்தட்டில் வளர்த்த ஒட்டு நாற்றை நர்சரியில் வாங்குவதுதான் வழக்கமாகிவிட்டது. நாற்று ஒன்று 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் நாற்று. மண்ணைத் தொடுவதற்கு முன்பே 30,000 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. பூ விலை பத்துக்கு விழும்போது வலிக்கும் இடம் அது.

ஒட்டு அல்லாத நல்ல ரகங்களும் உண்டு. மதுரை வேளாண் கல்லூரி தந்தது எம்.டி.யு. 1. டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா நாரங்கி ஆரஞ்சு, பூசா பசந்தி வெளிர் மஞ்சள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளி. படர்ந்து வளரும் ஒட்டு ரகம் போடுகிறவர்கள் அதைவிடத் தள்ளித்தான் நடுகிறார்கள்.

சாகுபடி கடினம் இல்லை. முதல் முறை பூ போடுகிறவர்களைச் செண்டுமல்லி போடச் சொல்வதே அதனால்தான். ஒரு மாதத்து நாற்றைப் பார் கட்டி நடவேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. நட்டு ஒரு மாதம் ஆனதும் வரும் வேலைதான் புதியவர்களுக்குக் கை வராதது. நன்றாக நிமிர்ந்து, உச்சியில் முதல் மொக்கு கட்டிக்கொண்டு நிற்கும் செடியின் நுனியைக் கிள்ளி எறியவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதைச் செய்யும்போது பார்த்திருக்கிறேன். செடியைப் பார்க்கவே மாட்டார். வரிசையில் நடந்துகொண்டே கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்யும், டிக் டிக்கென்று சத்தம் வரும். பின்னால் வந்த அவர் மருமகள் மொக்கு வைத்த செடிகளை மட்டும் மனசில்லாமல் விட்டுவிட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தவர், "அந்த ஒரு பூவுக்கு ஆசப்பட்டா பத்துப் பூவு போயிரும் தாயி" என்றார். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பும், அத்தனையிலும் பூக்கும். கிள்ளாத செடி ஓலைக் குடை மாதிரி ஒற்றைக் காலில் நின்று, ஐப்பசிக் காற்றில் சாயும்.

நட்டு இரண்டு மாதத்தில் பூ. அதற்கப்புறம் மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு. பகல் நீளம் குறையக் குறைய இந்தச் செடிக்குப் பூக்கும் வேகம் கூடும் என்பதால், ஆடி ஆவணியில் நட்டதை புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகைச் சந்தைக்குத் திருப்பலாம். ஆனால் அந்த மாதங்களில்தான் மழையும். அடுக்கு இதழுக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே வடியாது, மொக்கு உள்ளேயே அழுகும். கோடையில் அழுகல் இல்லை, பூ சிறுத்துப்போகும், சிவப்புச் சிலந்தி வலை கட்டும். பறிக்கிறவர்களின் விரல்களில் அன்று முழுக்க ஒரு பச்சைக் கறையும் கார நெடியும் இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. சிலருக்குத் தோல் அரிக்கும். கூலியோடு தேங்காய் எண்ணெயும் கொடுக்கும் தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த இன்னொரு சந்தை. கோழியால் மஞ்சள் நிறமியைச் சுயமாக உண்டாக்க முடியாது. தின்னும் தீனியில் இருந்தால்தான் முட்டைக்குள் வரும். மேய்கிற கோழிக்குப் பச்சை இலையிலிருந்து கிடைக்கும். கூண்டுக் கோழிக்கு மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்து ஓரளவு கிடைக்கும். மக்காச்சோளம் விலை ஏறி, நொய்யும் கம்பும் தீவனத்தில் கூடினால் கரு வெளுக்கும். முட்டையின் சத்து அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் வாங்குகிறவர்கள் கண்ணால்தான் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு மஞ்சள் பிடிக்கும். அதை அளக்கவே பெயிண்ட் கடை அட்டை மாதிரி ஒரு விசிறி இருக்கிறது. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் ஆரஞ்சு வரை எண் போட்ட பட்டைகள். முட்டையை உடைத்து ஊற்றிப் பக்கத்தில் பிடித்து, எட்டா, பன்னிரண்டா என்று எண் சொல்வார்கள். வேண்டிய எண்ணை வரவழைக்கத் தீவனத்தில் நிறமி சேர்க்கவேண்டும். மஞ்சளுக்குச் செண்டுமல்லி, அதில் கொஞ்சம் சிவப்பு ஏற்ற மிளகாய் நிறமியோ செயற்கை நிறமியோ. கரு அடர்ந்த நிறத்தில் இருந்தால் அது நாட்டுக்கோழி முட்டை என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்லவேண்டும்.

பூவில் இருக்கும் அந்த நிறமியின் பெயர் லூட்டின். தனியாகப் பிரித்தால் மஞ்சள்தான். அது இதழில் எவ்வளவு அடர்த்தியாகச் சேர்கிறதோ அவ்வளவுக்குப் பூ ஆரஞ்சாகத் தெரியும். அதனால்தான் மஞ்சள் நிறமிக்காகப் பயிர் செய்யும் வயல்கள் ஆரஞ்சாக இருக்கின்றன. வெளிர் மஞ்சள் பூவில் சரக்கு குறைவு. மாலைக்கு இரண்டு நிறமும் ஓடும், ஆலைக்கு ஆரஞ்சு மட்டும்தான்.

ஆலையில் நடப்பது பூ வியாபாரம் மாதிரியே இருக்காது. லாரியில் வந்த பூவைத் தொட்டிகளில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடி, சில வாரம் புளிக்க விடுவார்கள். மாட்டுக்கு ஊறுகாய்ப் புல் போடும் அதே முறை. புளிக்கும்போது இதழின் செல் சுவர் தளர்ந்து நிறமியை விட்டுக்கொடுக்கும். அந்த வாசலைக் கடப்பவர்களுக்குப் பூ வாசம் எதுவும் வராது, பழைய மோர்ப் பானையைத் திறந்த நெடிதான் வரும். பிறகு பிழிந்து, உலர்த்தி, உருட்டிக் குச்சித் தீவனம் போலாக்கி, ஹெக்சேன் என்கிற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு இறக்குகிறார்கள். கரைப்பானை ஓட்டிவிட்டால் மிஞ்சுவது கறுஞ்சிவப்பான, பிசுபிசுத்த எண்ணெய்ப் பிசின். பூவில் லூட்டின் கொழுப்பு அமிலங்களோடு கட்டுண்டு இருக்கிறது. காரம் சேர்த்து, சோப்புக் காய்ச்சுவது போன்ற ஒரு வினையில் அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் கோழியின் குடல் அதை நன்றாக ஏற்கும். பூவில் பத்துக்கு ஒன்பது பங்கு கிட்டத்தட்டத் தண்ணீர்தான். ஒரு டன் பூ காய்ந்தால் சுமார் 100 கிலோ. அதில் நிறமி ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ தேறினால் நல்ல பூ.

இதே நிறமியின் தூய வடிவம் மருந்துக்கடைக்கும் போகிறது. நம் விழித்திரையின் மையத்தில் இருக்கும் மஞ்சள் புள்ளிக்கு அந்த மஞ்சளைக் கொடுப்பது லூட்டினும் அதன் உறவான ஸியாஸாந்தினும்தான். அமெரிக்காவில் வயதானவர்களின் மஞ்சள் புள்ளிச் சிதைவு நோயைப் பற்றி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. முந்தைய மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியதால், அதன் இடத்தில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாஸாந்தினும் வைக்கலாம் என்றார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கான மாத்திரை அது. செல்போன் பார்த்துக் கண் வலிக்கிறவர்கள் எல்லாரும் விழுங்கவேண்டும் என்பது விளம்பரம் சேர்த்துக்கொண்டது.

ஆலைக்குப் பயிர் செய்வது பெரும்பாலும் ஒப்பந்தத்தில். விதையை நிறுவனமே கொடுக்கும், அதன் விலையைப் பூப் பணத்தில் பிடித்துக்கொள்ளும். விலை விதைக்கும் முன்பே முடிவாகிவிடும். பண்டிகை விலையோடு வைத்துப் பார்த்தால் அது அற்ப விலை. ஆனால் எத்தனை டன் பறித்தாலும் எடுத்துக்கொள்வார்கள், கமிஷன் கடையில் நூற்றுக்குப் பத்து பிடிப்பது இல்லை, ரோட்டில் கொட்டவேண்டிய நாள் இல்லை. நிலக்கோட்டைக்காரர் சீட்டு ஆடுகிறார், தாளவாடிக்காரர் சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லலாம். எது மேல் என்று கேட்டால், சந்தைக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் வைத்துக்கொண்டு வீட்டாட்களே பறிக்கிறவர்களுக்குச் சீட்டுதான் சரி. மானாவாரியில் ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு ஆளுக்கு அலைகிறவர்களுக்கு ஆலைதான் ஆகும்.

எனக்கு உறுத்துவது ஒப்பந்தத்தின் வேறொரு இடம். ஆலைக்கு வேண்டியது நிறமி. ஆனால் பெரும்பாலும் காசு கொடுப்பது எடைக்கு. நன்றாக விரிந்து அடர்ந்த பூவும் பாதி விரிந்த பூவும் தராசில் ஒன்றுதான். பச்சைப் புல்லியும் காம்பும் இருந்தால் கழிவு என்று பிடிப்பார்கள், நிறம் கூடியிருந்தால் கூட்டிக்கொடுக்கும் வழக்கத்தை நான் பார்த்ததில்லை. கிராமத்துப் பால் சொசைட்டியில்கூடக் கொழுப்பையும், கொழுப்பு நீங்கலான திடச்சத்தான எஸ்.என்.எஃபையும் பார்த்து விலை போடுகிறார்கள். கரும்பின் விலையே சர்க்கரைக் கட்டுமானத்தோடு, அதாவது கரும்பிலிருந்து எவ்வளவு சர்க்கரை தேறுகிறது என்பதோடு கட்டப்பட்டது. செண்டுமல்லிக்கு அப்படி ஒரு முறை வந்தால் பறிக்கிற பக்குவம் தானே மாறும். இப்போது இருக்கும் முறையில் கனமான பூவைத் தருவதுதான் விவசாயிக்கு லாபம்; அதனால் காலையில் பூவின் மேல் உள்ள பனி காய்வதற்குள் பறிப்பு முடிந்துவிடுகிறது.

பேரம் பேசவும் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. நிறமிச் சந்தையில் இன்றைக்குப் பெரிய கை சீனா. மிளகாய் நிறமியிலும் செண்டுமல்லி நிறமியிலும் உலகின் முன் வரிசையில் இருக்கும் சென்குவாங் பயோடெக் ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்தது. அதற்கான பூ பெரும் பரப்பில் சின்ஜியாங்கில் விளைகிறது. வறண்ட காற்றுள்ள சின்ஜியாங்கோடு ஒப்பிட்டால் நம் மலையடிவார மழையில் மொக்கு அழுகல் கூடுதல்.

செடியில் பூ மட்டும்தான் பண்டம் என்றால் கதை இதோடு முடிந்திருக்கும். வேரில் வேறொரு சரக்கு இருக்கிறது. தக்காளி, கத்திரி, வாழை போட்ட மண்ணில் நூற்புழு ஏறி வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக ஆகிவிடும். செண்டுமல்லி போட்டு எடுத்த நிலத்தில் இந்தத் தொல்லை குறைவதைத் தோட்டக்காரர்கள் வெகு நாளாகக் கவனித்திருந்தார்கள். 1958இல் உலென்ப்ரூக், பைலோ என்ற இரண்டு நெதர்லாந்து வேதியியலாளர்கள் வேரிலிருந்து ஆல்ஃபா டெர்த்தையனில் என்ற பொருளைப் பிரித்து, நூற்புழுவை வீழ்த்துவது அதுதான் என்று காட்டினார்கள். இதில் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வரப்போரம் நாலு செடி வைத்துவிட்டு நூற்புழு போகவில்லை என்பார்கள். நூற்புழு நடந்து வந்து சாகாது. நிலம் முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்கவேண்டும், உயிருள்ள வேர் மண்ணில் ஓடவேண்டும்.

ஓரத்துச் செடிக்கு வேறு வேலை உண்டு. தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லி மொக்கில் முட்டையிடப் பிடிக்கும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கணக்காக்கிக் கொடுத்தது: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி. நடும்போது தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 45 நாள் வயதாக இருக்கவேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூத்து, பூச்சிக்குத் தேர்வு செய்ய வாய்ப்பு இருக்கும். நாள் கணக்கைத் தவறவிட்டு இரண்டையும் ஒரே வயதில் நட்டவர்கள் தக்காளியைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு, அழகான செண்டுமல்லியைப் பறித்தார்கள்.

நுனி கிள்ளும் பெரியவரின் தோட்டத்துக்குப் போன வருடம் ஐப்பசி கடைசியில் போயிருந்தேன். பூஜை விலையில் நாலு பறிப்பு பார்த்துவிட்டார், அதற்குப் பிறகு விலை இல்லை. செடி முழுக்கப் பூ, பறிக்க ஆள் விடவில்லை. டிராக்டர்காரர் ரோட்டவேட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு பூவையும் மடக்கி உழுவதா என்று நான் கேட்டதற்கு, மண்ணுக்குள்ள போறது மண்ணுக்கு ஆகும் என்றார். தக்காளி நாற்றுக்கு நர்சரியில் முன்பணம் கொடுத்தாயிற்றாம், கார்த்திகை பத்துக்குள் நடவு.